ஆன்மேரிக்கு அனுப்பாத வரி

மிக்ஸி வாங்குகிற யாரும் உள்ளே சுற்றியிருக்கும் கம்பியைப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்பதில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினால் எது அரைபடும் என்று தெரிந்தால் போதும். பதினான்கு வருடமாக நிரல் எழுதும் நான், என் தொழிலிலும் அப்படித்தான் நினைத்துவந்தேன். விசாரணை அதிகாரி அவர்களே, நீங்கள் அழைப்பதற்கு முன்பே நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சிவப்பிரகாஷ். கோபாலபுரத்தில் வீட்டிலிருந்தபடியே வேலை. குறுஞ்செய்தி அனுப்பும் லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்றை எழுதி விற்கிறேன். மற்றவர்கள் அதைத் தங்கள் நிரலோடு சேர்த்துக்கொள்வார்கள். எண்ணையும் செய்தியையும் கொடுத்தால் அது அனுப்பிவிட்டு, 'சேர்ந்தது' அல்லது 'சேரவில்லை' என்று பதில் சொல்லும். உள்ளே என்ன நடக்கிறது என்பது மூலநிரலில் இருக்கிறது. அதை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. கையேடு கொடுப்பேன்.

சின்னக்கானல் மலையில் யானை வருவதைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தெரிவிக்கும் திட்டத்துக்காக ஆன்மேரி அதை வாங்கினார். அங்கேயே லயத்து வரிசை வீட்டில் பிறந்து, படித்து வந்த பெண். செய்தி சேராவிட்டால் அந்த வீட்டுக்கு உடனே காவலாளை அனுப்பும்படி தன் நிரலை எழுதியிருந்தார்.

ஜூன் மூன்றாம் தேதி என்னை அழைத்தார்.

"சார், பள்ளத்து லயத்துல அழகுத்தாய் அக்காவுக்கு மெசேஜே வரல. உங்க லைப்ரரி சேந்துட்டுன்னு சொல்லுது. நேத்து யானை வாசல்ல நின்னுருக்கு, அக்கா உள்ள கஞ்சி காச்சிட்டு இருந்துருக்காங்க."

"உங்க பக்கம் பாருங்க மேடம். மேனுவலப் படிச்சீங்களா?"

"மனப்பாடமே ஆயிட்டு, வேணும்னா பரிச்சை வைங்க. நான் எழுதுன கோடு முழுக்கப் பாத்துட்டேன் சார். உங்க வாசல் வரைக்கும் வந்து நிக்கேன், கதவு பூட்டியிருக்கு. உள்ள இருக்க சோர்ஸ் கோடைக் குடுங்க."

"அதெல்லாம் குடுக்கறது வழக்கமில்லீங்க."

பதினொரு நாள் அழைத்தார். சிம் மாற்றிப் பார்த்தார், போனை மாற்றிப் பார்த்தார், தன் நிரலை இரண்டு முறை முதலிலிருந்து எழுதினார். ஒவ்வொரு நாளும் பொறுமையாகவே பதில் சொன்னேன். கடைசியில் அவர் குரல் ஓய்ந்துபோயிருந்தது. எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது.

பதினான்காம் தேதி காலை ஏழே காலுக்கு, கொழுந்து பறிக்கக் கிளம்பிய அழகுத்தாயைப் பாதை வளைவில் யானை மிதித்தது. செய்தி சேர்ந்ததாக என் லைப்ரரி பதிவு செய்திருக்கிறது. அதனால் காவலாள் போகவில்லை.

காரணம் எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். முதல் அழைப்பிலேயே தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், வாங்க வந்தவர்களுக்கு லைப்ரரியை ஓட்டிக் காட்டிய அன்று, சிக்னல் குறைந்த சில எண்கள் பதில் சொல்லத் தாமதித்தன. திரையில் 'சேரவில்லை' என்று சிவப்பாக நின்றால் யார் வாங்குவார்கள்? இருபது நொடிக்குள் பதில் வராவிட்டால் 'சேர்ந்தது' என்று சொல்லும்படி ஒரு வரி சேர்த்தேன். பிறகு எடுத்துவிடலாம் என்றிருந்தேன். எடுக்க நான்கு நிமிடம் ஆகும். எடுத்தால், இத்தனை நாள் எல்லாம் பச்சையாக இருந்தது எப்படி என்று கேள்வி வரும். ஆன்மேரி களைத்துப்போய் விட்டுவிடுவார் என்று காத்திருந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் மூலநிரலை நானாகவே அவருக்கு அனுப்பினேன். அந்த வரியை நீக்கிய பிரதி. ஓடிக்கொண்டிருக்கும் லைப்ரரியில் அது இன்றும் இருக்கிறது. மாற்றினால் மாற்றிய தேதி தெரிந்துவிடும்.

அவர் மூன்று நாள் படித்துவிட்டு, தவறு தன் நிரலில்தான் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். வேலையையும் விட்டுவிட்டார். "மன்னிச்சிருங்க சார், உங்களப் போய் சந்தேகப்பட்டுட்டேன்" என்று எனக்கு அனுப்பியிருந்தார். பதில் எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். வரவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

உண்மையான மூலநிரலை இத்துடன் இணைத்திருக்கிறேன். நானூற்றுப் பன்னிரண்டாம் வரியைப் பாருங்கள். விசாரணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆன்மேரியிடம் கொடுக்க வேண்டாம். படித்தால் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வார்.