தொடையில் தட்டிய தாளம்

"பாட்டு ஒண்ணும் சொல்லித் தராண்டாம் மக்கா. தொடையில எப்பம் தட்டணும்ணு மட்டும் சொல்லு."

கன்னியாகுமரியில் நடந்த திறந்தவெளிச் சங்கீதக் கச்சேரிக்குத் தக்கலைக்காரர்கள் பேசி அமர்த்திய பஸ் அது. சித்திரை வெயில். எனக்கு முன் இருக்கையில், கஞ்சி போட்ட சட்டைக்குள் வியர்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன் தன் கூட்டாளியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"எதுக்குலே இந்தப் பாடு?"

"பெண்ணுக்க அப்பா அங்க வாறாரு. எனக்குச் சங்கீதம் தெரியும்ணு தரகர் அளந்து வச்சிருக்காரு. தெரியாதுண்ணு கண்டா கல்யாணம் போச்சு."

"கச்சேரியில உனக்கு முன்னால ஒரு பெரியவரு இருப்பாருல்லா, அவரப் பாத்துக்கோ. அவரு தட்டும்போ நீயும் தட்டு."

சாயங்காலம் திரும்பும்போதும் இருவரும் எனக்கு முன்னால்தான் இருந்தார்கள்.

"என்னலே, தட்டினியா?"

"தட்டினேன். பெறவுதான் கண்டேன், அந்தப் பெரியவரு சக்கைப்பழம் தின்னுட்டு, பலாச்சாறு ஒழுகின வேட்டியில வந்து இருந்த ஈய அடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு."

"ஐயோ! பெண்ணுக்க அப்பா கண்டாரா?"

"கண்டாரு. பக்கத்துல வந்து இருந்தாரு. கொஞ்ச நேரம் எனக்க கையையே பாத்தாரு. பெறவு அவரும் எனக்க கூடத் தட்டத் தொடங்கீட்டாரு."

"பெறவு?"

"பாட்டு நின்னுது, ஈ போகல்ல. நாங்க மூணு பேரும் தட்டிக்கிட்டே இருந்தோம். ஆவணியில கல்யாணம்."