முன்மாதிரி லயம்

நான் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். யாரிடம் முறையிடலாம் என்று தெரிந்திருந்தும், அன்று ருவான்வெல்லை பஸ்ஸில் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். முன் இருக்கையில் இரண்டு தோட்டத்துப் பெண்கள். லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டில் குடியிருக்கும் இளையவள் சொன்னாள்:

“எங்க லயம் முன்மாதிரியா திகழுதாம்க்கா.”

“யாரு சொன்னா?”

“மண்சரிவு அபாயம் பாக்க வந்த ஐயா. பெரிய ஆளுங்க வராங்கன்னு எங்க வீட்டுக்காரரு செவுத்து வெடிப்பெல்லாம் பூசி வெள்ளையடிச்சிட்டாரு. புது வீடு அடுத்த லயத்துக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க.”

“வெடிப்பு இருந்துச்சுன்னு சொல்லலியா?”

“டீ குடுத்து ஒக்கார வச்சிட்டு அத எப்படிக்கா சொல்றது?”

“நல்லா திகழுனீங்க, போ!”

மழை பிடித்தது. இளையவள் யன்னலை இழுத்து மூடினாள்.

“பூசுன எடத்துலயே திரும்ப வெடிச்சிருச்சு. புள்ளைங்கள இன்னைக்கு ஒங்க வீட்டுல படுக்க வைக்கவாக்கா?”

“நீங்க ரெண்டு பேரும் வந்துருங்க.”

“அவரு வரமாட்டாரு. வெள்ளையடிச்ச வீட்டுக்கு என்ன வந்துரும்ங்கிறாரு.”