இரண்டாம் பாகத்துக்குக் காத்திருந்தவர்

தலைமையேற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, நூலக அலுவலர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், என் நண்பரின் துணைவியாராகிய அண்ணியார் அவர்களே, அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தும் நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் வாசகப் பெருமக்களே!

என் எதிர் மேசைக்காரரின் நினைவுக் கூட்டத்தில் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். நம் நூலகத்தில் நான் சட்டப் பிரிவும் தத்துவப் பிரிவும் பார்ப்பவன். என் பக்கம் ஈ, காக்காய்கூட எட்டிப் பார்க்காது. அவர் மேசையிலோ எந்நேரமும் கூட்டம்! நடிகர், நடிகை, பாடகர், மேஜிக்காரர், சர்க்கஸ் கோமாளி என்று நம்மைச் சிரிக்கவும் அழவும் வைத்தவர்கள் எழுதிய சுயசரிதைகள் அத்தனையும் அவர் பொறுப்பில். கதையைப் பாதிவரை சொல்வார். நாம் வாயைப் பிளந்து கேட்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, "மீதி உள்ள இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்பார். அதனால்தான் அவருக்கு 'இடைவேளை சார்' என்று பெயர் வைத்தீர்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

அவர் புத்தகம் சிபாரிசு செய்கிற அழகே தனி. "முதல் மூணு அத்தியாயத்தைத் தள்ளுங்க, வம்சப் பெருமைதான் இருக்கும். மார்க்கெட் போன இடத்துல ஆரம்பிங்க. அங்க உண்மையைச் சொல்லியிருந்தா திரும்ப முதல்லேருந்து படிங்க. அங்கயும் புருடா விட்டிருந்தா திருப்பிக் குடுத்துடுங்க." இதைவிட நியாயமான தராசு உண்டா? வேலை போனவர்களும், கடையை மூடியவர்களும், பரீட்சையில் கோட்டை விட்டவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். அந்த அத்தியாயத்தில் தொடங்கித்தானே நீங்கள் நிமிர்ந்தீர்கள்!

அவருக்குச் சறுக்கலே இல்லையா? இருந்தது. கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு நாலு முறை மணம் செய்துகொண்ட நடிகையின் சுயசரிதையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். மறுநாள் பெண்ணின் அப்பா வந்து சத்தம் போட்டார். "ஏன் சார், கல்யாணப் பொண்ணு படிக்கிற புத்தகமா இது?" நம்மவர் அசரவில்லை. "முழுசாப் படிச்சீங்களா? நாலாவது கல்யாணம் நல்லாத்தானே போச்சு!" வந்த கோபம் எங்கே போயிற்றோ, அந்த மனிதர் நாங்கள் விளக்கை அணைக்கும்வரை உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். அதோ, சிரிக்கிறார் பாருங்கள்.

இப்போது மூன்றாவது வரிசையைப் பார்த்துச் சொல்கிறேன். ஒரு காலத்தில் திரையில் வந்து நின்றாலே கொட்டகை அதிரச் சிரிக்கவைத்த நம் நகைச்சுவை நடிகை அம்மா அங்கே அமர்ந்திருக்கிறார். அவருடைய சுயசரிதையின் முதல் பாகம் எப்படி முடிகிறது? படப்பிடிப்பின் நடுவே, ஒப்பனைகூடக் கலைக்காமல் அவரை வெளியே அனுப்புகிறார்கள். மீதி இரண்டாம் பாகத்தில் என்று ஒரு வரி. அவ்வளவுதான். அந்தப் பாகம் வரவே இல்லை. ஊரையே பாதிக் கதையில் நிறுத்தியவரை, அம்மா, நீங்கள் நிறுத்திவிட்டீர்கள்!

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வந்தார். "யாருப்பா படிக்கப் போறாங்க? என் மூஞ்சியே ஜனங்களுக்கு மறந்துபோச்சு" என்றீர்கள். "நான் படிப்பேன்மா. ஒருத்தன் போதாதா?" என்றார். அன்றிலிருந்து அந்த முதல் பாகம் அலமாரியில் ஓய்ந்திருந்ததே இல்லை. வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் திணித்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் ஊசி போட வந்த நர்ஸிடம் அந்தக் கதையைப் பாதிவரை சொல்லி நிறுத்தினார். என்னைக் கண்டதும் கேட்டது உடம்பைப் பற்றி அல்ல. "அம்மா எழுதறாங்களா? ஏதாவது தெரிஞ்சுதா?" எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன்.

இன்று இந்த மண்டபத்தின் வாசலில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "முடிச்சுட்டேன்பா. போன மாசமே முடிச்சுட்டேன். ஒரே அடித்தலும் திருத்தலுமா இருந்துச்சு. அவ்வளவு படிச்ச மனுஷன்கிட்ட அதை எப்படிக் குடுக்கறது? சுத்தமா எழுதிக் குடுக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள போயிட்டாரே."

அழகாகக் கொடுக்க நினைத்தது குற்றமா? இல்லை. ஆனால் அந்த மனிதர் அடித்தல் திருத்தலுக்கா அஞ்சுவார்? அடித்த வரியில் என்ன இருந்தது என்றுதானே முதலில் கேட்டிருப்பார்! நெஞ்சு பொறுக்கவில்லை, பெரியோர்களே.

அவர் மேசைக்கு நாளை முதல் நான் மாறுகிறேன். எனக்கு அவரைப் போலக் கதை சொல்ல வராது. சட்டம் பேசிப் பழகிய வாய். இருந்தாலும் முயன்று பார்க்கிறேன். நான் சொதப்பினால் நீங்கள் திருத்துங்கள். உங்கள் எல்லோருக்கும்தான் அவர் பாதிப் பாதி சொல்லியிருக்கிறாரே.

அம்மா, சுத்தப் பிரதி வேண்டாம். இருக்கிறபடியே கொண்டுவாருங்கள், அச்சாகும்வரை கூடவே நிற்கிறோம். படிப்பேன் என்று சொன்ன அந்த ஒருத்தர் இன்று இல்லை. இங்கே நிறைந்திருக்கும் நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து படித்தாலும் அதற்கு ஈடாகாது. தெரிந்துதான் கேட்கிறோம். கொடுங்கள்.