கால்விரல் அசைந்ததைக் கண்ட சிஸ்டருக்கு

"உசுரோட இருக்கவனையா தாயி, மட்டக்கப் படுக்கப் போட்டு நாலு பேரு தூக்கணும்ங்க?"

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், இளையரசனேந்தல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், வள்ளித்தாய் என்னும் தாய் தங்களைக் கேட்ட கேள்வி இது.

அன்பும் அறிவும் அயராத உழைப்பும் ஒருங்கே அமைந்த அம்மையீர்! முப்பத்தோராண்டுக் காலம் நம் மருந்தகத்தின் செவிலியாகவும், பதின்மூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும் நடக்கும் முதலுதவி வகுப்பின் ஆசிரியையாகவும் விளங்கி இன்று விடைபெறும் செல்வமணி சிஸ்டர் அவர்களே! பாராட்டு மடலை இப்படியா தொடங்குவது என்று சபையோர் முகம் சுளிக்கலாம். "என்னப் பத்தி எழுதணும்னா அதத்தான் எழுதணும். இல்லாட்டி ஒண்ணும் வேண்டாம்" என்று தாங்கள் சொன்னதால்தான் இப்படித் தொடங்கினோம். ஆனால் அதைத் தங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஆகவே வேறொருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறோம். பொறுத்தருள்க!

1971, மாசி மாதம். சோளத்தட்டை ஏற்றிய மாட்டுவண்டியின் உச்சியிலிருந்து செல்லச்சாமி என்ற இளைஞன் தலைகுப்புற விழுந்துவிட்டான் என்று ஆள் ஓடி வந்தது. டிரைவர் பெத்துராஜ் வேனை எடுத்தார். சிஸ்டர் ஏறிக்கொண்டார். போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஊரே கூடி நின்றது. ஒருவர் சோடாவை உடைத்து வாயருகே கொண்டுபோனார். சிஸ்டர் அந்தக் கையைத் தள்ளிவிட்டுத் தரையில் மண்டியிட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டார், பதில் வந்தது. மூச்சு சீராக இருந்தது. நாடி வேகமாக ஓடினாலும் திடமாகவே ஓடியது. எங்கும் ரத்தமில்லை. "கால் பெருவிரல ஆட்டு ராசா, பாப்போம்" என்றார். இரண்டு கால்களிலும் விரல்கள் அசைந்தன.

"கால் நல்லா இருக்கு சிஸ்டர். கழுத்துதான் கடுக்கு" என்றான் அவன்.

சிஸ்டருக்கு விளங்கிவிட்டது. கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது, அதனுள்ளே ஓடும் நரம்பு இன்னும் அறுபடவில்லை. தலையும் உடம்பும் ஒரே மரக்கட்டை போல, அசங்காமல் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தால் இவன் நடப்பான். "யாரு வீட்டுக் கதவயாவது கழத்திக் கொண்டாங்க" என்றார்.

அப்போதுதான் வள்ளித்தாய் அதைக் கேட்டாள். அந்த வட்டாரத்தில் மல்லாந்து படுத்தபடி நாலு பேர் தூக்கத் தெருவைக் கடப்பவர் செத்தவர் மட்டுமே. உயிருள்ளவரை, எப்பேர்ப்பட்ட அடி பட்டிருந்தாலும், உட்கார்த்திவைத்தே கொண்டுபோவார்கள். படுக்கவைத்துத் தூக்கினால் எமனுக்கு நாமே வழி காட்டியதாகிவிடும் என்று அஞ்சுவார்கள். "எம்பிள்ளையப் பொணமாட்டம் தூக்க விடமாட்டேன்" என்று அவள் மகனுக்குக் குறுக்கே விழுந்தாள். ஊர்ப் பெரியவர் மூக்காண்டியும் சேர்ந்துகொண்டார்: "பையன் பேசுதாம்லா! பேசுதவனுக்கு எதுக்கும்மா பல்லக்கு? ஏலே, சேரு ஒண்ணு எடுத்துட்டு வாங்கலே."

சிஸ்டர் மூன்று முறை எடுத்துச் சொன்னார். நான்காம் முறை சொல்லவில்லை. தாய் அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள், கூட்டம் இரைந்தது, நேரம் போய்க்கொண்டிருந்தது. "சரி, பையத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டார். செல்லச்சாமியை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். தலையை மட்டும் சிஸ்டர் தம் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

வேன் பாதி வழி வந்திருக்கும். முன் இருக்கையில் சாய்ந்திருந்த செல்லச்சாமி கேட்டான்: "சிஸ்டர், என் காலை எங்கன வச்சிருக்கீய?"

அவன் கால்கள் அவருடைய காலை ஒட்டித்தான் இருந்தன. பெத்துராஜ் வேனை ஓரங்கட்டி நிறுத்தினார். "நிறுத்தாதீங்க அண்ணாச்சி" என்றார் சிஸ்டர்.

செல்லச்சாமி நான்கு ஆண்டுகள் பாயில் கிடந்தான். மாதம் இரண்டு முறை சிஸ்டர் போய் அவனைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகுப் புண்ணைக் கழுவிக் கட்டினார். அந்தப் புண்ணே அவனைக் கொண்டுபோயிற்று. வண்டியிலிருந்து விழுந்ததில்தான் கால் போனதென்று வள்ளித்தாய் நம்பினாள். சிஸ்டரைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டாள். உட்காரவைத்துத் தூக்கியதுதான் காரணம் என்று ஏன் சொல்லவில்லை என ஒருமுறை பெத்துராஜ் கேட்டதற்கு, "பெத்தவகிட்ட அத எதுக்கு அண்ணாச்சி சொல்லணும்? எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாராம்.

ஆனால் வகுப்பில் சொன்னார். செல்லச்சாமி விழுந்த ஆண்டே தொடங்கிய வகுப்பு அது. மருந்தகத்துக் கொட்டகைக்குப் பஸ் கண்டக்டர்களும் தறிக்காரர்களும் கிணறு வெட்டுகிறவர்களும் வந்தார்கள். கூப்பிட்டுப் பார், மூச்சைப் பார், நாடியைப் பார், ரத்தத்தை அமுக்கு, தண்ணீர் கொடுக்காதே என்று பாடம் நடக்கும். பிறகு ஒவ்வொருவரையும் கதவில் படுக்கவைத்துக் கட்டித் தூக்கச் சொல்வார். ஒருமுறை கண்டக்டர் ராமசுப்பு படுத்துக்கொண்டு, "ஏலே, சங்க ஊதுங்கலே, கெளம்பிட்டேன்" என்று கத்த, கொட்டகையே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "செத்தவன் கழுத்தப் பத்தி எவனும் கவலப்பட மாட்டான் ராமசுப்பு. உசுரோட இருக்கவனுக்குத்தான் மட்டக்கப் படுக்கணும்" என்றார். எல்லாரும் தூக்கிப் பழகிய பிறகே செல்லச்சாமியின் கதையைச் சொல்வார். ஒரு வகுப்பிலும் அதை விட்டதில்லை.

கடையநல்லூர்த் தறிக்காரர் முகம்மது மைதீன், மச்சிலிருந்து விழுந்த தம் மனைவி ஆமினாளைக் கதவில் வைத்துத்தான் கொண்டுவந்தார். "மையத்தப் போலத் தூக்குதானே பாவி!" என்று, பிணமாய்த் தூக்கிப்போவதாகத் தெரு முழுக்க ஏசியும் அவர் அசையவில்லை. ஆமினாள் இன்று நடந்தே இவ்விழாவுக்கு வந்திருக்கிறார்.

கடமையில் கண்டிப்பும் கண்ணில் ஈரமும் கொண்ட அம்மையே! தாங்கள் நோய்நொடியின்றி, நிம்மதியான உறக்கத்தோடு நெடுங்காலம் வாழ்க! வாழ்த்தை இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஏனெனில், மடலை எங்கே நிறுத்தவேண்டும் என்பதையும் தாங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

1980, ஆடி மாதத்து ஞாயிறு. ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவில் வந்த வள்ளித்தாய், சிஸ்டரைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று கொட்டகைக்குள் பின்வரிசையோரம் வந்து நின்றாள். செல்லச்சாமியின் கதை நடந்துகொண்டிருந்தது. "விரல் அசைஞ்சுது. நான் பாத்தேன்" என்று சொல்லி நிமிர்ந்தபோதுதான் சிஸ்டர் அவளைக் கண்டார். நாற்பது பேர் அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தார்கள். வேறு பாடத்துக்குத் தாவியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திராது. அந்த நாற்பது பேரில் எவனாவது நாளை ஒரு தாயின் முன் நிற்பானே என்று நினைத்தாராம். நாற்காலியைச் சொன்னார், வேனைச் சொன்னார், அவன் கேட்டதைச் சொன்னார். "பெத்தவ மறிக்கத்தான் செய்வா. அது அவ பாசம். நான்தான் உறுதியா நின்னிருக்கணும். நிக்கல" என்று முடித்தார்.

வள்ளித்தாய் கடைசிவரை கேட்டுவிட்டு வெளியே நடந்தாள். சிஸ்டர் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடி, வாசலில் அவள் முன்னால் போய் நின்றார். அவள் ஒரு கணம் அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு சற்று விலகி, திருவிழாக் கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டாள்.

இங்ஙனம்,
தங்கள் பிரிவால் வருந்தும்
மருந்தகப் பணியாளர்களும் முதலுதவி வகுப்பினரும்,
சங்கரன்கோவில், 1984.