பிரிஜட்டுக்கு ஒரு மைக்

— வெள்ளிக் கலர்ல ஒண்ணு இருக்கு, கறுப்புல ஒண்ணு இருக்கு. கறுப்புதான் பாக்க எடுப்பா இருக்கும் தம்பி. என்ன சொல்றீங்க?

— கலரை விடுங்க பாய். எனக்குக் கண்ணு தெரியாது. வெள்ளைத் தடியை உங்க கண்ணாடிப் பெட்டி ஓரமா சாத்தி வச்சிருக்கேனே, கவனிக்கலையா?

— அட, மன்னிச்சுக்குங்க. நீங்க விறுவிறுன்னு உள்ள வந்த தோரணையில நான் தடியைப் பாக்கவே இல்ல. பேரு?

— அற்புதராஜ். ஆஸ்பத்திரியில டெலிபோன் ஆப்பரேட்டரா இருக்கேன். உங்க பேரு?

— ஒலி முகம்மது. இந்த சிம் லிம் டவர்ல எட்டு வருஷமா ரேடியோ, டேப் ரெக்கார்டர், மைக்கு வியாபாரம்.

— பேருக்கேத்த வியாபாரம்தான்! பாய், மைக் எனக்கு இல்ல. பிரிஜட்னு ஒருத்தங்க வருவாங்க, அவங்களுக்கு. நான் தபால் வழியில சரித்திரம் படிக்கிறேன். அவங்க வீட்டுல உக்காந்து பாடப் புத்தகத்தை வாசிச்சு கேசட்டுல பதிஞ்சு, பார்வையற்றோர் சங்கம் மூலமா அனுப்புவாங்க. நான் கேட்டுக் கேட்டுப் படிப்பேன். நல்ல மைக்கா வேணும், ஆனா விலை அம்பது வெள்ளியைத் தாண்டக் கூடாது.

— குடுத்துடலாம். அவங்க எப்படி இருப்பாங்க, சொல்லுங்க. வந்தா நான் கூப்பிடுறேன்.

— யாருக்குத் தெரியும்? சந்திச்சதே இல்ல. குரல்தான் தெரியும். இருபத்தேழு கேசட்டு பாய். நாப்பது மணி நேரம். நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்கு ஆயிரம் பேர் போன் பண்ணாலும் அதுக்கு நடுவுல அந்தக் குரலைக் கண்டுபிடிச்சிடுவேன்.

— அந்தக் குரல் உங்க முதுகுக்குப் பின்னாடி நிக்குது. உங்க பேச்சுக்கு நடுவுல வந்து, நான்தான் பிரிஜட், சொல்லாதீங்கன்னு சைகை காட்டுனாங்க.

— பிரிஜட்! வாங்க, வாங்க! ஏன் கூப்பிடல?

— எவ்வளவு தூரம் புளுகுறீங்கன்னு பாக்கலாம்னுதான். மிஸ்டர் அற்புதராஜ், மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. என் ஆபீஸ் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?

— டெலிபோன் ஆப்பரேட்டர்கிட்ட கேக்குற கேள்வியா இது?

— சிரிக்காதீங்க. பரீட்சை வருது, அவசரம், உதவி பண்ணுங்கன்னு போன்ல கெஞ்சுனீங்களேன்னு வந்தேன். ஆனா நான் கோவமாத்தான் இருக்கேன். கடைக்காரரே, நீங்களே நியாயம் சொல்லுங்க.

— நானா? நான் மைக்கு விக்கிறவன் தங்கச்சி. சரி, சொல்லுங்க, சொல்லுங்க. உக்காந்து சொல்லுங்க.

— ரெண்டு வருஷமா வேலை முடிஞ்சு வந்து, சாப்பிட்டுட்டு, ஜன்னலைச் சாத்திக்கிட்டு இவருக்குப் படிக்கிறேன். ஃபேன் போட்டா சத்தம் கேக்கும்னு வேர்க்க வேர்க்கப் படிக்கிறேன். திடீர்னு ஒரு நாள் சங்கத்துலேருந்து லெட்டர் வருது. ஒரே வரி. "வாசிப்பவரின் குரல் தெளிவாக இல்லை என மாணவர் தெரிவித்துள்ளார்." அவ்வளவுதான். நன்றி கூட இல்ல.

— ஆ! அதான் நிறுத்துனீங்களா? நாலு மாசமா கேசட்டே வரல. உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு நான்... பிரிஜட், ஒன் மோமெண்ட். நான் குரல்னு சொல்லவே இல்ல!

— பின்ன என்ன சொன்னீங்க?

— சங்கத்துக்குப் போன் போட்டு, "ஒலிப்பதிவு தெளிவா இல்ல, டேப் ரெக்கார்டர் மோட்டார் சத்தம் கொர்ருன்னு கேக்குது, அந்தம்மாவுக்கு ஒரு நல்ல மைக் வாங்கிக் குடுங்க, அருமையான குரல் வீணாப் போகுது"ன்னு சொன்னேன். போனை எடுத்தவங்க எழுதிக்கிறேன் எழுதிக்கிறேன்னாங்க. இப்படி எழுதுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?

— அருமையான குரல்னு சொன்னீங்களா?

— தங்கச்சி, இவ்வளவு நேரமும் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு என்கிட்டயும் அதைத்தான் சொன்னாரு.

— நீங்க சும்மா இருங்க பாய். மிஸ்டர் அற்புதராஜ், உங்களுக்கு அது சின்ன விஷயமா இருக்கலாம். எங்க மாதா கோயில் பாட்டுக் குழுவுல என்னைப் பின்வரிசையில நிக்க வச்சு, "பிரிஜட், நீ வாயை மட்டும் அசைச்சா போதும்"னாங்க. அப்போ எனக்குப் பதினாலு வயசு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வாயை மட்டும் அசைச்சேன். ஒரு ஆளுக்காவது என் குரல் உபயோகப்படுதேன்னு இந்தக் கேசட்டுலதான் ஒரு சந்தோஷம். அதுலயும் மண்ணு விழுந்துடுச்சேன்னு நெனச்சேன்.

— பாட்டு வேற, படிக்கிறது வேற. அவங்களுக்குப் பாட்டு வேணும். எனக்கு நீங்க வேணும். அதாவது, நீங்க படிக்கிறது வேணும்.

— தம்பி முகம் செவந்து போச்சே!

— பாய், நீங்க மைக்கை எடுங்க!

— எடுத்தாச்சு. இந்தாங்க, பதினெட்டு வெள்ளி. சாதாரண மைக். பேட்டரி வேணாம். கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. தங்கச்சி, இதுல பேசுங்க. தம்பி ஹெட்போன்ல கேக்கட்டும்.

— என்ன பேசுறது? புத்தகம் ஒண்ணும் எடுத்துட்டு வரலையே.

— எதையாவது பேசுங்க பிரிஜட். மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?

— இன்னைக்கு மத்தியானம் ஆபீஸ் பக்கத்துல மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டேன். ஒரே காரம். தண்ணி குடிச்சுக் குடிச்சு வயிறே ரொம்பிடுச்சு. போதுமா?

— போதும். பாய், இது வேணாம். தலகாணிக்குள்ள மூஞ்சியை வச்சுப் பேசுற மாதிரி இருக்கு. சத்தத்தைக் கூட்டுனா குரலோட உஸ்ஸுங்கிற இரைச்சலும் சேந்து கூடுது.

— சரி, அடுத்தது. இது கண்டன்சர் மைக். உள்ள சின்ன பேட்டரி போடணும். முப்பத்தஞ்சு வெள்ளி. இதுக்குக் காது ரொம்பக் கூர்மை.

— மீ கோரெங் சாப்பிட்டேன், காரமா இருந்துச்சு, சாயங்காலம் ஒருத்தர்கிட்ட சண்டை போட வந்தேன்.

— அடேயப்பா! எல்லாமே கேக்குது. கீழ ரோட்டுல பஸ் நிக்குது. பக்கத்துக் கடையில யாரோ சாவிக்கொத்தை ஆட்டுறாங்க. பாய், நீங்க இன்னும் சாப்பிடலையா? உங்க வயிறு சத்தம் போடுது.

— யா அல்லா! அது கூடவா கேக்குது?

— நாலு பக்கமும் கேக்குற மைக் இது. ஸ்டூடியோவுக்கு நல்லது. வீட்டுக்குச் சரிப்படாது. இவங்க மேல்வீட்டுல தினம் சாயங்காலம் யாரோ அம்மியில அரைக்கிறாங்க. அதையும் இது சேத்துப் பதிஞ்சுடும்.

— மேல்வீட்டுச் சத்தம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— கேசட்டுல கேக்குதே. அது மட்டுமா? பதினாலாவது கேசட்டுல வீடு மாறுனீங்க. மொத பதிமூணுலயும் ரயில் போற சத்தம் வரும். அப்புறம் ரயில் இல்ல. குரல் செவுத்துல பட்டுத் திரும்புது. புது வீடு, சாமான் இன்னும் வந்து சேரலைன்னு நெனச்சேன்.

— ஆமா. குவீன்ஸ்டவுன்ல தண்டவாளத்துக்குப் பக்கத்துல இருந்தோம். ஈசூனுக்கு மாறி மூணு வாரம் தரையிலதான் படுத்தோம். அதைக் கேட்டே கண்டுபிடிச்சீங்களா?

— பத்தொம்பதாவதுல உங்களுக்கு ஜலதோஷம். இருபத்திரெண்டாவதுல ஒரு போரைப் பத்திப் படிச்சுக்கிட்டே இருந்தீங்க, நடுவுல குரல் கம்மிப் போச்சு. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியல. அந்தப் பக்கத்தை மட்டும் நான் ரெண்டாவது தடவை கேக்கல.

— அப்பா தவறிப் போயி எட்டாம் நாள். பாடம் நின்னுடக் கூடாதேன்னு படிச்சேன்.

— மன்னிச்சுக்குங்க.

— பரவால்ல. அன்னைக்கு நான் கலங்கினது வீட்டுல யாருக்கும் தெரியாது. பாய், மூணாவது மைக்கைக் குடுங்க.

— இந்தாங்க தங்கச்சி. இதுவும் கண்டன்சர்தான், ஆனா முன்னாடி பேசுறதை மட்டும் கேக்கும். பின்னாடி, பக்கவாட்டுச் சத்தத்தை அவ்வளவா சேக்காது. நாப்பத்தாறு வெள்ளி. ஜப்பான்காரன் செஞ்சது. சொருவிட்டேன், பேசுங்க.

— ஹலோ. நான் பிரிஜட் பேசுறேன்.

— பாய், இது பழைய மைக். ரெண்டாவதையே திரும்பச் சொருவியிருக்கீங்க. உங்க வயிறு இன்னும் கேக்குது.

— ஹா! சும்மா சோதிச்சுப் பாத்தேன் தம்பி. இந்தக் காதை ஏமாத்த முடியாது. இப்பச் சொருவுறேன் பாருங்க. ம், பேசுங்க தங்கச்சி.

— ஹலோ. நான் பிரிஜட். என்னைப் போன்ல கூப்பிட்டு, பஸ் மாறி மாறி இவ்வளவு தூரம் வர வச்சு, மீ கோரெங் கதையை மூணு தடவை சொல்ல வைக்கிறாங்க.

— ம், இன்னும் கொஞ்சம் பேசுங்க.

— ஏன், இதுவும் நல்லா இல்லையா?

— ரெண்டு வருஷமா உங்க குரலைத் தண்ணிக்கு அடியிலேருந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன் பிரிஜட். இப்பத்தான் தலையை வெளிய நீட்டியிருக்கேன்.

— போதும் போதும். அப்படி என்ன இருக்கு அதுல?

— நீங்களே கேளுங்க. பாய், இப்பப் பேசுனதை டேப்புல பதிஞ்சீங்கல்ல? ஹெட்போனை அவங்களுக்குப் போட்டு விடுங்க.

— போட்டாச்சு. ஓடுது. தங்கச்சி, கேக்குதா?

— இது யாரு?

— நீங்கதான்.

— நானா இது? எங்க வீட்டு மெஷின்ல கேட்டா தகர டப்பாவுக்குள்ள கல்லு உருளுற மாதிரி இருக்கும். இது... இது நல்லாத்தானே இருக்கு? பாய், நெசமாவே மைக்குல ஏதும் வித்தை பண்ணலையே?

— மைக்குக்கு வித்தை தெரியாது தங்கச்சி. உள்ள போறதைத்தான் அது வெளிய குடுக்கும். வீட்டுல மேசை மேல துணியை மடிச்சுப் போட்டு, அது மேல நிக்க வைங்க. வாய்க்கு ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சாய்வா இருக்கட்டும். வேலை முடிஞ்சா சுவிட்சை அணைச்சுடுங்க, இல்லாட்டி பேட்டரி போயிடும். தம்பி, நாப்பத்தி ரெண்டு வெள்ளி குடுங்க போதும்.

— நாலு வெள்ளி ஏன் குறைக்கிறீங்க பாய்?

— என் வயித்தைக் கவனிச்ச ஆளு இந்த எட்டு வருஷத்துல நீங்க ஒருத்தர்தான். சரி, பில்லு எழுதிட்டேன். பரீட்சை எப்ப தம்பி? எந்த நாளுன்னு சொல்லுங்க, உங்களுக்காக தொழுகையில துஆ கேக்குறேன்.

— பரீட்சையா? ஒன் மோமெண்ட் பாய்.

— என்ன மோமெண்ட்? நானும் அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். எந்தப் பாடத்துலேருந்து ஆரம்பிக்கணும் ராஜ்?

— பிரிஜட், திரும்பவும் கோவிச்சுக்காதீங்க. பரீட்சை முடிஞ்சு போச்சு. அந்த இருபத்தேழு கேசட்டை வச்சுக்கிட்டே எழுதினேன், பாஸ் பண்ணிட்டேன். இனிமே படிக்கிறதுக்குப் பாடம்னு ஒண்ணும் இல்ல.

— யா அல்லா! அப்ப இந்த மைக்கு எதுக்கு?

— கேக்குறதுக்குத்தான் பாய். அவங்க மீ கோரெங் சாப்பிட்ட கதையைப் பேசி அனுப்புனாலும் சரி, நான் கேப்பேன். உள்ளதைச் சொல்லிக் கூப்பிட்டா வர மாட்டாங்கன்னு பயந்து பரீட்சைன்னு பொய் சொல்லிட்டேன். தப்புதான். பிரிஜட்? போயிட்டீங்களா?

— இங்கதான் இருக்கேன். மிச்சமிருந்த காலி கேசட்டைத் திருப்பிக் குடுக்க மூணு வாரம் முன்னாடி சங்கத்துக்குப் போனேன் ராஜ். ரிசல்ட்டை போர்டுல ஒட்டியிருந்தாங்க, உங்க பேரு மேலேருந்து ரெண்டாவது. அது தெரிஞ்சுதான் இன்னைக்கு வந்தேன்.