பதினைந்து நிமிடம்

எனக்குத் தண்ணீர் வேண்டாம், சார். மற்றவர்களைக் குடிக்கச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

நீங்கள் கேட்கும் அந்த மருந்து, எலும்பு தேய்ந்தவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவது. அதை ஏற்றும் அறையில் பதினொரு வருடமாக நான்தான் நர்ஸ். முதலில் இரண்டு தம்ளர் தண்ணீர் கொடுப்பேன். பிறகு சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்பேன். வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பேன். வலி மாத்திரையோ, நீர் பிரிய மாத்திரையோ இருந்தால் டாக்டரிடமே திருப்பி அனுப்புவேன். எல்லாம் சரியென்றால்தான் ஊசி. அதுவும் குறைந்தது பதினைந்து நிமிடம், சொட்டுச் சொட்டாக. வேகமாக ஏற்றினால் சிறுநீரகம் தாங்காது. இதையெல்லாம் எழுதி மருந்து அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன்.

அதற்காக எனக்குக் கிடைத்த பெயர் ‘கடிகாரம்’. டாக்டர் வைத்தது. வெளியே நாலு பேர் சேர்ந்தால் எட்டிப் பார்ப்பார்.

“கடிகாரம் அக்கா, நீங்க கேள்வி கேட்டு முடிக்கிறதுக்குள்ள அவங்களுக்கு எலும்பு தானாவே வளந்துடும். கொஞ்சம் திறந்துதான் விடுங்களேன்.”

வரிசையே சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன். இதையெல்லாம் கட்டாயமாக்கச் சொல்லி மேலிடத்துக்கு ஆறு கடிதம் எழுதினேன். ஒன்றின் பின்பக்கத்தில் யாருக்கு டீ, யாருக்குக் காபி என்று குறித்திருந்தார்கள். அப்போதுகூட எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணெதிரே ஒன்று நடந்தால்தான் இவர்களுக்கு உறைக்கும் என்று மட்டும் தோன்றியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை தையல்காரம்மா வந்தார். என் சீருடையை இரண்டு முறை பிடித்துத் தைத்துக் கொடுத்தவர். மூன்று நாளாக வயிற்றுப்போக்கு என்றார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. திறந்த கைப்பையில் வலி மாத்திரை அட்டை, பாதி காலி. ரத்தப் பரிசோதனைத் தாள் போன வருடத்தது.

“டாக்டர்கிட்ட சொன்னீங்களாம்மா?”

“சொன்னேனே. ஒண்ணும் ஆகாது, போய்ப் போட்டுக்குங்கன்னாரு. ஆமா, இன்னிக்குத் தண்ணி இல்லியா? போன தடவை ரெண்டு தம்ளர் குடிக்க வச்சு உயிரை வாங்கினியே.”

“இன்னிக்கு வேண்டாம்மா.”

சொட்டுக் குழாயின் சக்கரத்தை முழுக்கத் திறந்தேன். நான்கு நிமிடத்தில் முடிந்தது.

“பரவாயில்லையே, தேறிட்டே” என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிறுநீர் நின்றுபோயிருந்தது. பன்னிரண்டாம் நாள் இறந்துவிட்டார்.

நான் எதையும் மறைக்கவில்லை. வயிற்றுப்போக்கு, வலி மாத்திரை, நான்கு நிமிடம் எல்லாவற்றையும் அன்றே பதிவேட்டில் எழுதினேன். அதைப் பார்த்துத்தானே விசாரிக்க வந்தீர்கள்? நான் எழுதியதைக் கடைசி வரி வரை படித்த முதல் ஆள் நீங்கள்தான், சார்.

இப்போது அலமாரிக் கதவில் நான் ஒட்டிய தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பழைய பரிசோதனைத் தாளோடு ஒருவரும் உள்ளே வருவதில்லை. இனி எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்கென்று நான் எதுவும் செய்துகொள்ளவில்லை.

நேற்று நான் அறைக்குள் போனபோது டாக்டர் எழுந்து நின்றார். “வாங்க சிஸ்டர்” என்றார். அத்தனை பேர் முன்னால்.