கம்பின் மேல் பழி

— கட்டுங்க ராவுத்தரே. பன்னண்டு கோழியையுமே காலைக் கட்டிக் கூடையில போடுங்க. இந்தச் சனியன்களை இனி என்ற கண்ணுல காட்டாதீங்க.

— கட்டறேன் அம்மிணி. மகள் நிக்காஹ்வுக்குக் கோழி வேணும்னு நானே அலையறேன். ஆனா ஊரெல்லாம் போயி, "சைனுதீன் ராவுத்தர் கடைக் கம்பைத் தின்னு என்ற கோழி கெட்டுப்போச்சு"ன்னு சொல்லிட்டு வந்திருக்கியே மாராத்தா, அது நாயமா?

— சொல்லாம இருப்பனுங்களா? மக்காச்சோளம் போட்ட வரைக்கும் அடை வெச்சா தப்பாம குஞ்சு வந்துச்சு. தைப்பொங்கலுக்கு அப்புறமேலு நீங்க கம்பைக் குடுத்தீங்க. மொத அடையில ரெண்டே குஞ்சு. அதுக்குப் பொறவு ஒண்ணாவது வந்துச்சா? ஒத்தைக் குஞ்சு?

— மக்காச்சோளத்தை நானா ஒளிச்சு வெச்சேன்? லாரிக்காரன் பெர்மிட் வாங்காம வந்து வாளையார் செக்போஸ்ட்ல நின்னுட்டான். எமர்ஜென்சி காலம், ஏன்னு வாயத் தெறக்க முடியுமா? கெடைச்சதைத்தான் குடுத்தேன். கம்பு ஆகாதுன்னே, ராகி குடுத்தேன். ராகியும் ஆகாதுன்னே, சாமை குடுத்தேன்.

— ராகி போட்டாலும் கூமுட்டை, சாமை போட்டாலும் கூமுட்டை. அடைக்கோழி பாவமுங்க, எரை எடுக்காம உக்காந்து உக்காந்து நெஞ்செலும்பு தெரிய எளைச்சுப் போச்சு. குஞ்சு வித்துத்தானுங்க என்ற பொழப்பு. வேலந்தாவளம் சந்தையில மாராத்தா குஞ்சுன்னா கண்ணை மூடிட்டு வாங்குவாங்க. இப்ப அங்க போயி மூஞ்சியக் காட்ட முடியல. வெசனத்துல சோறு எறங்கல எனக்கு.

— அம்மிணி, மூணு தானியமும் ஒண்ணாச் சேந்து உனக்குச் சதி பண்ணுச்சா? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்.

— என்னைச் சொல்லாதீங்க. மொதல்ல தின்ன கம்போட சூடு ஒடம்புல ஏறிருச்சு, இனி எதைப் போட்டாலும் எறங்காது. எங்கூட்டுக்காரரே சொன்னாரு.

— யாரு, நஞ்சப்பனா? அவன் எப்பக் கோழி வைத்தியம் படிச்சான்? சரி, கேக்கறதுக்குப் பதில் சொல்லு. முட்டை போடுதா, கொறைஞ்சிருச்சா?

— அதுல கொறையில்லீங்க. கரு வெளுத்திருக்குதுன்னு டீக்கடைக்காரரு மொகத்தைச் சுளிக்கறாரு, அவ்வளவுதான்.

— மஞ்சச் சோளம் போடலேன்னா கரு வெளுக்கத்தான் செய்யும். அகத்திக் கீரையை நறுக்கிப் போடு, நெறம் வந்துரும். அது கண்ணுக்குத்தான். குஞ்சுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. பொரிக்காத முட்டையை ஒடைச்சுப் பாத்தியா?

— அழுதுக்கிட்டே ஒடைச்சேனுங்க.

— உள்ள குஞ்சு உருவாகிச் செத்துக் கெடந்துச்சா?

— ஒண்ணுமில்லீங்க. ஒரு நரம்பு ஓடல. வெறும் கருவும் தண்ணியும்தான்.

— எல்லாத்துலயுமா?

— எல்லாத்துலயும்தான்.

— தீனி பத்தலேன்னா குஞ்சு பாதி வளந்து உள்ளயே சாகும். நரம்பே ஓடலேன்னா… அடி அம்மிணி, தீனியை விடு. உன் சேவல் எங்கே?

— கீரிச் சேவலுங்களா? ராத்திரி பட்டியில கோழிகளோடதான் அடையுது. பகல்ல நான் எங்கீங்க பாக்கறேன்? வெடியால இருட்டோட கடலைக்காட்டு வேலைக்குப் போனா பொழுது சாஞ்சுதான் ஊடு வாறேன். தெறந்து விடறது, மேய்க்கறது, மூடறது எல்லாம் அவருதான்.

— இன்னைக்கு ஊட்லதானே இருக்கே. கோழி அத்தனையும் இங்க கூடையில கெடக்குது. சேவலைக் காணோமே.

— அட, ஆமா. ஏனுங்க! இங்க வாங்க! கீரி எங்கீங்க?

— அது… இங்கதான் எங்கியோ மேஞ்சிட்டு இருக்கும் புள்ள. மொதலாளி, நேரமாகலீங்களா? வெயில் ஏறிட்டா கோழி தாங்காதுங்க. கூடையை நானே ரோடு வரைக்கும் தூக்கிட்டு வர்றேன்.

— அவசரப்படாதே நஞ்சப்பா. அந்தத் தென்னந்தோப்புக்குள்ள ஒரு சேவல் கூவுது, கேக்குதா?

— எந்த ஊர்லதான் சேவல் கூவலீங்க மொதலாளி?

— கீரி சத்தம் அது! குஞ்சுல இருந்து வளத்தவ, எனக்குத் தெரியாதா? ஏனுங்க, அது எதுக்குத் தோப்புல போயி நிக்குது?

— அவன் சொல்ல மாட்டான், நான் சொல்றேன் அம்மிணி. வரும்போது பாத்தேன். மரத்தடியில கால்ல கயித்தோட நிக்குது. முன்னால ஒரு சட்டியில ஊற வெச்ச கம்பு. யாரோ சண்டைக்கு வளக்கற சேவல் போலன்னு நெனச்சேன். நெஞ்சை நிமித்தி நின்ன அழகை நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன். எல்லாம் நம்ம கடைக் கம்புதான்!

— சண்டைக்கா? கால்ல கத்தி கட்டி விடற சேவக்கட்டுக்கா?

— அது வந்து… மாரா… மாரியாத்தா நோம்பி வருதில்ல. கோழிகூடச் சேந்தா சேவலுக்குத் தெம்பு எறங்கிரும், கட்டுல நிக்காதுன்னு சொன்னாங்க. பகல்ல மட்டுந்தான் புள்ள கட்டி வெச்சேன். ராத்திரி அவுத்துப் பட்டியில விட்டுருவேன்.

— ராத்திரி கோழி தூங்கும் நஞ்சப்பா.

— எப்ப இருந்துங்க கட்டி வெச்சீங்க?

— பொங்கல் கழிச்சு.

— அடைக்கோழி பக்கத்துல உக்காந்து நான் அழுதப்ப, கம்புச் சூடுன்னு சொன்னீங்களே! ராவுத்தர்கிட்ட ஒரு மூச்சு சண்டை போட்டுட்டு வான்னு அனுப்புனீங்களே!

— ஒவ்வொரு நாளும் சொல்லீரலாம்னுதான் நெனைப்பேன். நீ அழுவறதைப் பாத்தா வாய் வராது.

— கோழியெல்லாம் வித்துப்போடுன்னு சொல்றதுக்கு மட்டும் வாய் வந்துச்சுங்களா?

— கீரி செயிச்சுட்டா, நோம்பிக்குப் பொறவு நல்ல கோழியாப் பாத்து வாங்கித் தரலாம்னு…

— அல்லாவே! இவனுக்கா நான் கம்பு அளந்து போட்டேன்? அம்மிணி, நீ சொல்லு. கூடையைத் தூக்கட்டுமா, வேண்டாமா? கல்யாணச் சோத்துக்கு நான் வேற எடம் பாத்துக்குவேன். என் கம்புக்கு மட்டும் ஊர்ல ஒரு நல்ல வார்த்தை சொல்லிரு.

— சந்தை நடுவுல நின்னு சத்தமாச் சொல்றேனுங்க ராவுத்தரே. பேசுனதை எல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. கோழிக் கட்டை அவுத்து விடுங்க. கீரி கயித்தை நான் போயி அவுக்கறேன். இனி பகல் பூராவும் அது இந்த வாசல்லதான் மேயும்.

— மாரா, மாரா, நில்லு புள்ள! ஊர்க்காரங்ககிட்ட வாக்குக் குடுத்துட்டேன். எதிர்ச் சேவல்காரனுக்கும் சொல்லியாச்சு. நோம்பியன்னைக்கு நான் கட்டுல என்னத்தைக் கொண்டுபோயி நிறுத்தறது?

— நீங்களே போயி நில்லுங்க. கால்ல கத்தியை நானே கட்டி விடறேன்.